விடுதி லாக்கருக்குப் பூட்டு: தகடு விட்டுத் திறக்க முடியாத வகை எது?

விடுதிப்_பொறுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாணவியர் விடுதி ஒன்றை நான் கவனித்துக்கொள்கிறேன். அறைக்கு அறை இரும்பு லாக்கர் இருக்கிறது, பூட்டு மட்டும் அவரவர் வாங்கிக்கொள்வது. சில வாரங்களாக லாக்கர்களிலிருந்து பணமும் கம்மல் போன்ற சிறு நகைகளும் காணாமல் போகின்றன. எந்தப் பூட்டும் உடையவில்லை. கீறல் கூட இல்லை. பூட்டியது பூட்டியபடியே தொங்குகிறது, உள்ளே பொருள் மட்டும் இல்லை.

சாவி செய்து தருபவரை அழைத்துக் காட்டினேன். பார்த்தவுடனே, "வளையத்தின் இடுக்கில் மெல்லிய தகடு விட்டு எடுத்திருக்கிறார்கள் அம்மா, இந்த மாதிரி பூட்டுக்குச் சாவியே வேண்டாம்" என்றார். இவற்றில் சில நல்ல விலை கொடுத்து வாங்கிய கனமான பூட்டுகள். எதைப் பார்த்து வாங்கினால் இந்தத் தகடு வேலை நடக்காது? விடுதியே மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூட்டுக்கடை_திண்டுக்கல் எழுதியது:

அக்கா, எடையையும் விலையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைக்கு வருபவர்கள் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கனம் சுத்தியலுக்குப் பதில் சொல்லும், தகட்டுக்குச் சொல்லாது. "சாவி போடாமல் அமுக்கினால் பூட்டிக்கொள்ளுமா?" என்று முதலில் கேளுங்கள். பூட்டிக்கொள்ளும் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பட்டறைக்காரர் யாராவது வந்தால் விரிவாகச் சொல்வார்.

லேத்_பட்டறை எழுதியது:

நான் சொல்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பூட்டின் மேலே வளைந்த கம்பி இருக்கிறதே, அந்த வளையத்துக்கு இரண்டு கால்கள். நீளமான கால் திறந்தாலும் உடலுக்குள்ளேயே நிற்கும். குட்டைக் கால்தான் வெளியே வரும். சாதாரணப் பூட்டில் குட்டைக் காலில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். உடலுக்குள் ஒரு சிறிய இரும்பு நாக்கு உண்டு, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். நாக்கின் மேல்முகம் சரிவாக இருக்கும். வளையத்தை அமுக்கும்போது கம்பியின் முனை அந்தச் சரிவில் பட்டு நாக்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காடி நேரே வந்ததும் ஸ்பிரிங் நாக்கை உள்ளே அனுப்பிவிடுகிறது. டக்கென்று சத்தம் கேட்டால் பூட்டியாயிற்று.

அந்த வசதியிலேயே ஓட்டையும் இருக்கிறது. சாவியே இல்லாமல் கம்பி தள்ளி நாக்கு பின்வாங்குகிறது என்றால், வேறு எது தள்ளினாலும் அது பின்வாங்கத்தான் செய்யும். தள்ளுவது கம்பியா தகடா என்று நாக்குக்குத் தெரியாது. கம்பி தடங்கலில்லாமல் ஏறி இறங்க வேண்டும் என்பதால், துளையைக் கம்பியைவிடக் கொஞ்சம் பெரியதாகத்தான் போட முடியும். பூட்டுத் திறப்பவர்களிடம் இருக்கும் எஃகுத் தகடு அந்த இடைவெளிக்குள் போகிற அளவுக்கு மெல்லியது. குளிர்பான டின்னின் பக்கச் சுவர் கூட ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான்.

கவனிக்க வேண்டியது இது: தகடு விடும்போது சாவித்துளையை யாரும் தொடவே இல்லை. சாவி நுழையும் பகுதியான சிலிண்டருக்குள், சாவிக்கு ஏற்ப ஏறி இறங்கும் பின் நான்கு இருந்தாலும் ஏழு இருந்தாலும் ஒன்றுதான். "இத்தனை ஆயிரம் சாவி வேறுபாடுகள்" என்று அட்டையில் போட்டிருப்பது இந்த இடத்தில் எதற்கும் உதவாது. அதனால்தான் உங்கள் பூட்டுகளில் கீறல் இல்லை.

தகட்டை உண்மையில் தடுக்கிற அமைப்பு, சாவி திரும்பாமல் பிடிமானம் நகரவே முடியாதபடி செய்வது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது இரண்டு வகை.

ஒன்று, பால்ரஸ் குண்டு வைத்த பூட்டு. நாக்குக்குப் பதில் இரண்டு எஃகுக் குண்டுகள், ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. வளையத்தின் இரு கால்களிலும் அரைவட்டக் காடி. குண்டுகளுக்கு நடுவே சிலிண்டரோடு சேர்ந்து திரும்பும் ஒரு உருளை, அதன் பக்கங்களில் பள்ளம். பூட்டியிருக்கும்போது உருளையின் முழுத் தடிமன் குண்டுகளுக்கு நடுவே நிற்கிறது. குண்டுகள் பாதி காடிக்குள், பாதி உடலுக்குள். தகடு வந்து தள்ளினால் குண்டு பின்வாங்க வேண்டும், ஆனால் பின்னால் இருப்பது ஸ்பிரிங் அல்ல, திடமான எஃகு. சாவியைத் திருப்பினால்தான் பள்ளம் நேரே வந்து குண்டுக்கு இடம் கிடைக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. இரு காலையும் பிடிப்பதால் கம்பியை ஒரு பக்கம் வெட்டினாலும் மற்றக் கால் விடாது.

இரண்டாவது, சாவியைத் திருப்பிப் பூட்டுகிற வகை. அதைத் திண்டுக்கல்காரர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

பூட்டுக்கடை_திண்டுக்கல் எழுதியது:

சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை லீவர் பூட்டுகள். சாவியைத் திருப்பிப் பூட்டும் லீவர் பூட்டில் தாழை முன்னும் பின்னும் நகர்த்துவதே சாவிதான். தாழில் ஒரு முளை இருக்கும். சாவி தூக்கிவிடும் சிறு பட்டைகளான லீவர்கள் ஒவ்வொன்றிலும் அந்த முளை போகிற அளவுக்கு ஒரு வாசல் வெட்டியிருக்கும். சரியான சாவி எல்லா லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வாசல்கள் ஒரே கோட்டில் வரும், முளை நகரும். சாவியை எடுத்ததும் லீவர்கள் இறங்கி முளையின் வழியை மறித்துவிடும். யாராவது தகடு விட்டுத் தாழைத் தள்ளினால் முளை போய் லீவர்களில் முட்டி நிற்கும்.

லீவருக்குச் சின்ன ஸ்பிரிங் உண்டுதான். ஆனால் அது லீவரை இறக்கிவைக்க மட்டும். தாழைப் பிடித்திருப்பது அது இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லீவர் பூட்டு என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அமுக்கினால் பூட்டும் லீவர் பூட்டும் சந்தையில் இருக்கிறது. அதில் வளையத்தைப் பிடிப்பது ஸ்பிரிங் நாக்கு என்றால் பழைய கதையேதான்.

கரூர்_சைக்கிள் எழுதியது:

ஒரு சந்தேகம். இரண்டு காலிலும் நாக்கு வைத்த பூட்டுகள் இருக்கின்றனவே, அவை போதாதா? மாஸ்டர் நிறுவனத்தின் மூன்றாம் எண் பூட்டு அப்படித்தானே. தகடு தகடாக அடுக்கிய உடல், 40 மில்லிமீட்டர் அகலம். அதை உலகமே பயன்படுத்துகிறது.

லேத்_பட்டறை எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. ஹாரி சோரெஃப் 1921-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கிய நிறுவனம் அது. எஃகுத் தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்து உடல் செய்யும் முறைக்கு 1924-இல் காப்புரிமை வாங்கினார். வங்கிப் பெட்டகக் கதவும் போர்க்கப்பலும் எஃகை அடுக்கி உறுதிப்படுத்துகின்றன, பூட்டு மட்டும் ஏன் மெல்லிய கூடாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. அருமையான கேள்வி. அந்தக் காலத்துத் திருடன் கையில் இருந்தது சுத்தியல், அதற்கு அந்த உடல் தக்க பதில்.

ஆனால் உள்ளே வளையத்தைப் பிடிப்பது ஸ்பிரிங் நாக்குதான். இரண்டு காலிலும் இருப்பதால் நெம்புகோலுக்கும் அடிக்கும் அது நன்றாக ஈடுகொடுக்கும். தகட்டுக்கு? இரண்டு தகடு வேண்டும், அவ்வளவுதான். வேலை கூடுகிறது, நேரம் கூடுகிறது, தடை இல்லை.

துளையை இறுக்கமாகப் போடுவது, துளை வாயில் ஒரு வளையம் பொருத்தி இடைவெளியைக் குறைப்பது, கம்பியில் பொய்க் காடிகள் வெட்டித் தகட்டின் முனை அங்கே சிக்கும்படி செய்வது என்று சில நிறுவனங்கள் வேறு வழிகளும் பார்க்கின்றன. இவை தாமதப்படுத்தும். பூட்டு தேயத் தேய இடைவெளி பெரிதாகும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் வாங்குவதாக இருந்தால் இவற்றை நம்ப மாட்டேன். தள்ளினால் நகரும் நாக்கை வைத்துக்கொண்டு அதற்குப் போகிற வழியைக் குறுக்குவதைவிட, நகராத பிடிமானத்தை வைப்பதுதான் ஒழுங்கான வடிவமைப்பு.

மதுரை_வாசகன் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு இந்த விவாதமே தேவையில்லை என்று தோன்றுகிறது. திருட வருகிறவன் பெரிய கட்டர் கொண்டு வருவான். லாக்கரின் தகரத்தை நெம்புவான். ஐரோப்பாவின் ஈ.என் 12320 தரத்தில் பூட்டுகளை ஆறு நிலையாகப் பிரிக்கிறார்கள். இழுப்பு, முறுக்கு, வெட்டு என்று பலத்தைத்தான் அங்கே பெரிதும் சோதிக்கிறார்கள். கம்பியின் தடிமனைப் பாருங்கள். தகடு விடுபவன் நூற்றில் ஒருவன் கூட இருக்க மாட்டான்.

விடுதிப்_பொறுப்பு எழுதியது:

சார், நீங்கள் சொல்வது கடைக்கும் கிடங்குக்கும் சரியாக இருக்கலாம். விடுதியில் நிலைமை வேறு. கட்டர் கொண்டு வந்து வெட்டினால் வெட்டியது தெரியும். மறுநாளே புகார் கொடுக்கலாம், வெளியிலிருந்து யார் வந்தார்கள் என்று விசாரிக்கலாம். இங்கே பூட்டு அப்படியே தொங்குகிறது. அதனால் முதல் கேள்வியே "சாவி யாரிடம் இருந்தது?" என்பதுதான். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பெண்ணைச் சந்தேகப்படுகிறார்கள். அறை பெருக்க வரும் அம்மாவைச் சந்தேகப்படுகிறார்கள். ஒரு பெண், தன் பணம் எங்கே போனது என்று தெரியவில்லை என்று சொன்னதற்கு, "நீயே செலவழித்துவிட்டுப் பொய் சொல்கிறாய்" என்று வீட்டில் திட்டு வாங்கினாள். பொருள் போனதைவிட இது எனக்குப் பெரிய வருத்தம். உடைத்தால் மட்டுமே திறக்கிற பூட்டு வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மதுரை_வாசகன் எழுதியது:

இந்தக் கோணத்தில் பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயம்தான். தடயம் விட்டே ஆக வேண்டும் என்பது தனித் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாக்கரின் நாதாங்கியையும் ஒரு முறை பாருங்கள். வெளியே தெரியும் திருகாணியால் பொருத்தியிருந்தால் பூட்டைத் தொடாமலே கழற்றித் திரும்ப மாட்டிவிடலாம். அதுவும் தடயமில்லாத வேலைதான்.

பிளான்ட்_சேஃப்டி எழுதியது:

ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது யாரும் தவறுதலாக மின்சாரம் கொடுத்துவிடாமல் இருக்க சுவிட்சிலேயே பூட்டுப் போடுவோம். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-இல் இதற்கு விதி கொண்டு வந்தது. இங்கேயும் பல ஆலைகள் அந்த நடைமுறையைப் பின்பற்றுகின்றன.

இந்த வேலைக்கு விற்கும் பூட்டுகளில் பெரும்பாலும் ஒரு குணம் இருக்கும். திறந்திருக்கும்போது சாவியை வெளியே எடுக்க வராது. பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். பூட்டாமல் தொங்கவிட்டுப் போக முடியாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். சாவியைத் திருப்பித்தான் பூட்ட வேண்டும் என்கிற வடிவமைப்பில் ஸ்பிரிங் நாக்குக்கு வேலையும் இல்லை.

ஆனால் எங்கள் சிவப்புப் பிளாஸ்டிக் பூட்டை லாக்கருக்கு வாங்காதீர்கள். அது எச்சரிக்கைக்கான பூட்டு. திருடனுக்காகச் செய்ததில்லை, நெம்பினால் தாங்காது. குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுதிப்_பொறுப்பு எழுதியது:

மிக்க நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கல். காலையில் கல்லூரிக்கு ஓடும் அவசரத்தில் சாவியைத் திருப்பிப் பூட்டச் சொன்னால் பலர் பூட்டாமலே போய்விடுவார்கள். சாவி வெளியே வராது என்பதால் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு கையிலும் புத்தகமும் வாளியும் இருக்கும். அமுக்கினால் பூட்டவும் வேண்டும், தகடும் போகக் கூடாது. அப்படி ஒன்று இருக்கிறதா?

லேத்_பட்டறை எழுதியது:

இருக்கிறது அக்கா. குண்டு வைத்த பூட்டிலேயே அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்கன் லாக் நிறுவனத்தின் 1100 வரிசை நல்ல எடுத்துக்காட்டு. அலுமினிய உடல், உள்ளே இரண்டு குண்டு, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும்.

அது எப்படி என்றால், ஸ்பிரிங் இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. குண்டைத் தள்ளுவதற்கு ஸ்பிரிங் இல்லை, நடுவே உள்ள உருளையைத் திருப்புவதற்கு இருக்கிறது. சாவியால் திறக்கும்போது உருளை திரும்பி, பள்ளம் குண்டுகளுக்கு நேரே வருகிறது. வளையம் மேலே எழும்பியதும் நீளக் காலின் காடியில்லாத பகுதி குண்டைப் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. குண்டு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வரை உருளை திரும்ப முடியாது, ஸ்பிரிங் முறுக்கோடு காத்திருக்கும். வளையத்தைக் கீழே அமுக்கினால் காடிகள் குண்டுக்கு நேரே வருகின்றன. உடனே ஸ்பிரிங் உருளையைத் திருப்ப, உருளை குண்டுகளைக் காடிக்குள் தள்ளிவிட்டு நடுவில் நின்றுகொள்கிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து குண்டைத் தள்ளினால் அது உருளையின் திடமான பக்கத்தில் முட்டுமே தவிர, உருளையைத் திருப்பாது. தள்ளும் திசை வேறு, உருளை நகரும் திசை வேறு.

இந்த வடிவமைப்பை யோசித்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை. சௌகரியத்தை விடவில்லை, ஓட்டையையும் விடவில்லை.

கரூர்_சைக்கிள் எழுதியது:

இப்போதுதான் முழுதாக விளங்கியது. அமுக்கினால் பூட்டுவதே தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வளையத்தைப் பிடிக்கிற உறுப்பு ஸ்பிரிங்கை நம்பி நிற்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஓய்வு_காவலர் எழுதியது:

இதே விஷயம் கைவிலங்கிலும் உண்டு. 1912-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பீர்லெஸ் வகை விலங்கில் பல் வைத்த வளைவு ஒன்று சுழன்று உள்ளே போகும். ஸ்பிரிங் வைத்த பற்கட்டை அதைப் பின்னால் வரவிடாமல் பிடிக்கும். கையில் மாட்டிய உடனே பூட்டிக்கொள்ளும், காவலருக்கு அது வசதி. ஆனால் பல்லுக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய தகடு போனால் கட்டை தூக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் இரட்டைப் பூட்டு என்று ஒன்று வைத்தார்கள். சாவியின் முனையில் உள்ள சிறு ஊசியால் அதை அழுத்திவிட்டால் கட்டை மேலும் கீழும் அசையாது. தகட்டுக்கும் இடமில்லை, கைதியின் மணிக்கட்டு மேலும் இறுகவும் செய்யாது. இரட்டைப் பூட்டுப் போடாத விலங்கு பாதி வேலைதான் என்று பயிற்சியிலேயே சொல்வார்கள்.

தேனி_ஆசிரியை எழுதியது:

எங்கள் பள்ளி லாக்கர்களுக்கு எண் பூட்டு யோசிக்கிறோம். சாவி தொலையாதே. நடுவில் வட்டமாகச் சுழற்றும் வகை, 0 முதல் 39 வரை எண்கள். மூன்று எண் என்றால் 64,000 சேர்க்கை வருகிறது. அது பாதுகாப்புதானே?

லேத்_பட்டறை எழுதியது:

டீச்சர், 64,000 என்பது எண்ணைக் கண்டுபிடிக்க முயல்பவருக்கான கணக்கு. தகடு விடுபவர் எண்ணைத் தேடுவதே இல்லை. நீங்கள் சொல்லும் வகையில் மாஸ்டரின் 1500 பூட்டுதான் மிகப் பிரபலம். அதிலும் ஒரே ஒரு ஸ்பிரிங் நாக்கு, குட்டைக் கால் பக்கம். பழைய பூட்டுகள் தகட்டுக்குச் சட்டென்று விட்டுக்கொடுக்கும் என்பது ஊரறிந்தது. பின்னாளில் தகடு தடுக்கும் அமைப்போடு விற்கத் தொடங்கினார்கள். அதனால் பழைய இருப்பை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அட்டையில் தகடு தடுப்பு பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விடுதிப்_பொறுப்பு எழுதியது:

மாணவிகளிடம் ஏற்கெனவே உள்ள பூட்டுகளை எல்லாம் தூக்கிப் போடச் சொல்ல மனம் வரவில்லை. சிலர் வீட்டில் கேட்டு வாங்கியது. எது சரி, எது சரியில்லை என்று உடைக்காமல் பார்த்துச் சொல்ல வழி உண்டா?

லேத்_பட்டறை எழுதியது:

உண்டு, ஐந்து நிமிட வேலை. பூட்டைத் திறந்து குட்டைக் காலின் காடியைப் பாருங்கள். அரைவட்டமாக, விரல் நுனிக்கு வழுவழுப்பாக இருந்தால் அநேகமாகக் குண்டு. கத்தியால் வெட்டினாற்போல் தட்டையான படியாக இருந்தால் நாக்கு. அடுத்து நீளக் காலிலும் அதே போன்ற காடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு செல்போன் வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். பக்கத்தில் பளபளவென்று உருண்டை முகம் தெரிந்தால் குண்டு. சரிவான நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். உள்ளே போய்த் திரும்பித் துள்ளி வந்தால் அந்தப் பூட்டு லாக்கருக்கு வேண்டாம். நாக்கே இல்லாமல், சாவியைத் திருப்பும்போது மட்டும் தாழ் எட்டிப் பார்த்தால் அது திண்டுக்கல்காரர் சொன்ன வகை, தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

கடையில் சுலபமான சோதனை: திறந்த பூட்டில் சாவியை உருவிப் பாருங்கள், வராவிட்டால் நல்ல அறிகுறி. வந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், மேலே சொன்ன குண்டுச் சோதனையைச் செய்யுங்கள்.

இரட்டைச்சாவி எழுதியது:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தகடு போகாது என்பதால் எல்லாவற்றுக்கும் அசையாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கன் லாக்கின் 700 வரிசையும் குண்டு வைத்ததுதான், தகடு செல்லாது. ஆனால் பழைய பூட்டுகளில் சாவித்துளை வழியே ஒரு கருவியைச் சிலிண்டரைத் தாண்டி விட்டு, பின்னால் உள்ள உருளையை நேரடியாகத் திருப்ப முடிந்தது. பிறகு நடுவில் ஒரு தடுப்பு வில்லை வைத்து அந்த வழியை அடைத்தார்கள். உறுப்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அந்த உறுப்பைச் சாவியைத் தவிர வேறெதுவும் எட்டக் கூடாது. அதனால் பழைய பூட்டைச் சந்தையில் மலிவாக வாங்காமல் புதியதாக வாங்குங்கள்.

விடுதிப்_பொறுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மாணவிகளோடு உட்கார்ந்து அவரவர் பூட்டைப் பார்த்தோம். பெரும்பாலானவை ஸ்பிரிங் நாக்குதான். அவற்றைச் சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்றால் அங்கேயும் இதே கதைதானே. லாக்கருக்கு இரு பக்கக் குண்டு, அமுக்கினால் பூட்டும் வகையை விடுதிச் செலவில் வாங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நாதாங்கியின் திருகாணிகளையும் உள்பக்கம் நட்டு வைத்து மாற்றச் சொல்லியிருக்கிறேன். அறை பெருக்கும் அம்மாவிடம் பெண்கள் சிலர் தாங்களாகவே போய்ப் பேசினார்கள்.

கடைசியாக ஒன்று: குண்டுப் பூட்டுக்கு எண்ணெய் விடலாமா? தேங்காய் எண்ணெய்தான் கைக்கு எட்டும்.

பூட்டுக்கடை_திண்டுக்கல் எழுதியது:

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம் அக்கா. நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். உருளை முழுதாகத் திரும்பாவிட்டால் வளையம் இறங்கியது போல் தெரியும், குண்டு காடிக்குள் போயிருக்காது. கிராஃபைட் தூள் கொஞ்சம் சாவித்துளையில் போடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை போதும். பூட்டிய பிறகு வளையத்தை ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வந்துவிடாமல், சாவி எண்களைச் சரிபார்த்து வாங்குங்கள்.